உட்கார்ந்த குற்றம்

என் பெயர் கிரென். ப்ரென்ஹால்ட் கிராமத்தில் மதுக்கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருடம் என் கடையில் ஒரு பெஞ்சுகூடக் கிடையாது. வருகிறவன் நின்றபடி ஒரு கோப்பை பார்லி மது குடிப்பான், கால் வலிக்கிறது என்று போய்விடுவான். மேசையாவது மிஞ்சியது என்று பார்த்தால், அதன்மேல் எவனாவது ஏறி உட்கார்ந்துவிடுவான் என்று அரசாங்கத்து ஆள் வந்து பலகை முழுக்கத் தலைகீழாக ஆணி அடித்துவிட்டுப் போனான். ஆணிகளுக்கு நடுவில் கோப்பை வைக்கப் பழகிக்கொண்டோம்.

இத்தனைக்கும் காரணம் எங்கள் நாட்டுச் சட்டப் புத்தகத்தின் முதல் வரி. "கோட்டை மணி அடிக்கும்போது சபையில் உட்கார்ந்திருப்பவர் அரசர், மற்றவர் நிற்க வேண்டும்." முதல் அரசர் எழுதியது. அவர் காலத்தில் நாட்டில் இருந்ததே ஒரு நாற்காலி, அதனால் அதில் வம்பு இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. ட்ரோஸ்கெல்லுக்குத் தோன்றியது. அவன் அப்போது பழைய அரசர் ஹாவ்ரிமின் அந்தரங்கக் காரியதரிசி. கிழவருக்குச் சிறுநீர் அடங்காது என்பது அவனுக்குத் தெரியும். ஒரு நாள் விடிந்ததிலிருந்து முலாம்பழச் சாறாக ஊற்றிக் கொடுத்தான். உச்சிவேளை மணிக்குச் சற்று முன்னால் கிழவர், "இதோ வந்துட்டேன்" என்று எழுந்து ஓடினார். மணி அடித்தது. திரும்பி வந்து பார்த்தால் காரியதரிசி உட்கார்ந்திருக்கிறான். சுற்றி நின்ற அத்தனை பேரும் சட்டம் படித்தவர்கள். ஒருவன் வாயைத் திறக்க வேண்டுமே! குனிந்து வணங்கினார்கள். ஹாவ்ரிமை அரண்மனை மந்திரவாதி அன்றே கல்லாக்கினான். இடுப்புக் கயிற்றை முடிந்துகொண்டிருந்த கோலத்திலேயே அவர் தோட்டத்தில் நின்றார்.

அன்று உட்கார்ந்த ட்ரோஸ்கெல் எழுந்திருக்கவே இல்லை. சாப்பாடு, தூக்கம், குளியல், மற்றது எல்லாம் அரியணையிலேயே. மற்றதற்கு அடியில் ஒரு துளை, துளைக்கு ஒரு துறை, துறைக்குத் தலைவராக ஒரு பிரபு. அந்தப் பதவிக்குப் பழைய பெருங்குடும்பங்கள் அடித்துக்கொண்டன என்று கேள்வி. இன்னொருவன் உட்காரப் பழகிவிடக் கூடாது என்பதால் நாட்டிலிருந்த நாற்காலி, பெஞ்சு, மணை எல்லாவற்றையும் எரித்தார்கள். உட்கார்ந்து பிடிபட்டவர்களைக் கல்லாக்கி, நிற்கிற சிலைகளாகத் தோட்டத்தில் நட்டார்கள்.

பிடித்துக் கொடுப்பது யார் என்கிறீர்கள்? நம் வீரர்கள்தான். எங்கள் பக்கம் வாள்காரன் ஒருவன், மந்திரக்காரி ஒருத்தி, பூட்டுத் திறக்கிறவன் ஒருவன், பூசாரி ஒருவன் என்று நான்கு பேர் சேர்ந்தால் அது வீரர் குழு. "கொடுங்கோலன வீழ்த்தாம திரும்ப மாட்டோம்" என்று என் கடையில் நின்றுதான் சபதம் போடுவார்கள். பத்தே நாளில் திரும்பி வருவார்கள், கையில் அரசாங்க ஆணையோடு. இருக்கைகளைத் தேடிப் பிடிப்பது அவர்கள் வேலை. பத்து இருக்கைக்கு ஒரு படி உயர்வு. ஒன்பதாம் படி வாள்காரன் என்று சொல்லிக்கொள்வதில் எங்கள் ஊர்க் குழுவிலிருந்த தடியனுக்கு அப்படி ஒரு பூரிப்பு.

அந்த நால்வர்தான் போன அறுவடை மாதம் ஓபின் வீட்டு மாட்டுத் தொழுவத்தை முற்றுகையிட்டார்கள். ஓபின் என் பக்கத்து வீட்டுக்காரன். நாற்காலி செய்கிற பரம்பரை. தடை வந்த பிறகு ஏணி செய்து பிழைக்கிறான். அவன் மனைவி மெர்தாவுக்கு அப்போது நிறைமாதம். குனிந்து பால் கறக்க முடியவில்லை என்று வைக்கோலுக்குள் ஒளித்து வைத்திருந்த முக்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மந்திரக்காரி கூரைமேல் தீக்கோளம் வீசினாள். பூட்டுத் திறக்கிறவன், பூட்டே இல்லாத கதவை அரை நாழிகை ஆராய்ந்தான். வாள்காரன் முக்காலியை நோக்கி வாளை நீட்டி, "அசையாதே!" என்று கத்தினான். முக்காலி அசையவில்லை. மாடு அவனை உதைத்தது. அன்றே வாள்காரன் பத்தாம் படிக்கு உயர்ந்தான், மெர்தா கோட்டைச் சிறைக்குப் போனாள். அவள்மேல் சாட்டிய குற்றம், அரச பதவிக்கு முயன்றது.

"பால் கறக்கத்தானே அண்ணே உக்காந்தா? அவளுக்கு எதுக்கு அரச பதவி?" என்று ஓபின் என்னிடம் வந்து அழுதான். பெரிய மனிதன் அழுதால் எனக்குப் பிடிக்காது. அவன் தச்சுப்பையை நான் தூக்கிக்கொண்டேன். இருவரும் கோட்டைக்குப் புறப்பட்டோம்.

கோட்டையில் முதல் சாளரம், மனு வாங்கும் குமாஸ்தா. பதினோரு வருடமாக நின்று நின்று கால் இரண்டும் பூசணிக்காய் பருமனுக்கு வீங்கியிருந்தன. அவருக்குப் பின்னால் சுவரில் வரிசையாகக் கொக்கிகள். கொக்கிக்கு ஒரு குமாஸ்தா, அக்குளில் கயிறு மாட்டித் தொங்கியபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். மதிய உணவு இடைவேளையாம்.

"எலும்ப உருட்டுய்யா" என்றார் குமாஸ்தா.

எங்கள் நாட்டில் இருபது முக எலும்பை உருட்டாமல் ஒரு காரியமும் நடக்காது. கதவைத் தள்ளுவதற்கும் பெண் கேட்பதற்கும் அதுதான். எண் அதிகம் விழுந்தால் காரியம் கைகூடும், ஒன்று விழுந்தால் மூக்கு உடையும். ஓபின் உருட்டினான். நான்கு விழுந்தது.

"நாலா? நாலுக்கு நீ பேசுறது எனக்குக் கேக்காது. பன்னெண்டுக்கு மேல விழுந்தாத்தான் காது."

"ஐயா, என் பொண்டாட்டி நிறைமாசம்."

"ஏதோ சத்தம் வருது" என்று குமாஸ்தா வானத்தைப் பார்த்தார்.

மறுபடி உருட்ட, ஏழு. மறுபடி, இரண்டு. பதினெட்டு விழுவதற்குள் அந்தியாகிவிட்டது. விழுந்ததும் குமாஸ்தா அவ்வளவு அன்பாகத் திரும்பினார். "வாங்க தம்பி, இப்பதான் வந்தீங்களா? தொழில் என்ன?"

"நாற்காலி செய்யறவன் ஐயா. இப்ப ஏணி."

கொக்கியில் தொங்கிய ஒருவர் அந்தச் சொல்லைக் கேட்டதும் விழித்து, கயிறு அறுந்து விழுந்தார். விழுந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டோமோ என்ற பயத்தில் உருண்டு படுத்துக்கொண்டார். எங்களையும் அங்கேயே கல்லாக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். குமாஸ்தாவோ சாளரத்தைச் சாத்திவிட்டு உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் எங்களைப் பட்டுக் கம்பளத்தின்மேல் நடத்திக் கூட்டிப்போனார்கள்.

விஷயம் இதுதான். நான்கு நாளாக அரியணை கிரீச்சிடுகிறது. பார்க்கலாம் என்றால் நாட்டில் நாற்காலித் தச்சன் ஒருவன்கூட மிச்சமில்லை. எல்லாரும் தோட்டத்தில் நிற்கிறார்கள்.

நிற்றல் துறையின் தலைமை அமைச்சர் ஹல்டிமர் எங்களை வரவேற்றார். முழங்கால் மடங்காமல், கால் இரண்டையும் பக்கவாட்டில் வீசி வீசி நடந்தார். "பெருமக்களே" என்று ஆரம்பித்தார். எதிரில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். "உட்காருவது என்பது சோம்பேறிகளின் பழக்கம். நிற்கிறவன்தான் உழைப்பான். அரசர் நமக்காக உட்கார்ந்து உட்கார்ந்து எவ்வளவு கஷ்டப்படுகிறார் தெரியுமா? நாட்டின் சோம்பல் முழுவதையும் தன் ஒரு உடம்பில் ஏற்றுக்கொண்டிருக்கிறார். இதை நானே எழுதினேன். பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்."

"ஐயா, என் பொண்டாட்டி..." என்றான் ஓபின்.

"அந்த அம்மாவா? அது பெரிய வழக்கு. மூணு காலு!" ஹல்டிமர் விரலை விரித்துக் காட்டினார். "அரியணைக்கே நாலுதான். இன்னும் ஒண்ணு சேத்தா எங்க போய் முடியும்னு யோசிங்க."

சபைக்குள் நுழைந்தோம். ட்ரோஸ்கெல்லை நான் அன்றுதான் பார்த்தேன். உடம்பு அரியணையின் இரண்டு கைகளுக்கும் மேலே பொங்கி வழிந்திருந்தது. கால்கள் குச்சியாகச் சூம்பித் தொங்கின. முழங்காலில் ஒரு தட்டு நிறையப் புகைபோட்ட விலாங்கு மீன். நாடே நடுங்குகிற கொடுங்கோலன் மீன் முள்ளைத் துப்பிக்கொண்டே எங்களைப் பார்த்தான்.

"இவனா தச்சன்? கிரீச்சுங்குதுடா. தூங்க முடியல. சரி பண்ணு. நான் எந்திரிக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

ஓபின் மண்டியிட்டு அடியில் புகுந்தான். தட்டிப் பார்த்தான். நகத்தால் சுரண்டினான். பின்பக்க வலது காலில் அவன் விரல் முழுசாக உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது மாவு மாவாகக் கொட்டியது.

"செல்லு அரிச்சுப் போச்சு ஐயா. தோல் மட்டும்தான் மிச்சம். இப்ப விழுமோ எப்ப விழுமோ."

அறிவிப்பாளர் ஒருவர் ஓடி வந்து எலும்பை உருட்டினார். எட்டிப் பார்த்தேன், மூன்று. "இருபது!" என்று அவர் முழங்கினார். அரசர் முன்னிலையில் எது விழுந்தாலும் இருபது என்பது ஒன்பது வருடமாக இருக்கிற சட்டம். "கால் பலமாக உள்ளது!" என்று ஹல்டிமர் கைதட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டிய அதிர்வில் அரியணை ஒரு பக்கம் சாய்ந்தது. ஓபின் பதறிப்போய்த் தோளைக் கொடுத்துத் தாங்கினான்.

தாங்கியவன் தாங்கியவன்தான், நகர முடியவில்லை. "அண்ணே, ஏதாவது முட்டுக் குடுங்க!" என்றான். முட்டுக்கொடுக்க நாட்டில் என்ன இருக்கிறது? எரித்தது போக மிச்சம் ஒரே ஒரு இருக்கை, மெர்தாவின் முக்காலி, வழக்கின் சாட்சிப் பொருளாகச் சபையிலேயே பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. உயரமும் சரியாக இருக்கும், ஓபின் செய்ததுதானே.

"வழக்கு முடியாம சாட்சிப் பொருள எடுக்க முடியாது" என்றார் ஹல்டிமர்.

"அப்ப வழக்க முடிங்கடா!" என்று ட்ரோஸ்கெல் கத்தினான். "நாளைக்கு உச்சிவேளை மணி அடிக்கறப்ப அவளக் கல்லாக்கு. பொறகு முக்காலிய எடுத்து முட்டுக் குடு."

அரியணைக்கு அடியிலிருந்து ஓபினின் குரல் வந்தது. "ராசா, உங்களத் தோள்ல தாங்கறேன் ராசா. அவள விட்டுடுங்க. வயித்துல புள்ள இருக்கு."

ட்ரோஸ்கெல் ஒரு விலாங்கை மென்று முடிக்கும்வரை யோசித்தான். "நல்லாத் தாங்கற. உனக்கு ஒரு சலுகை தரேன். சிலைய நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். ஆனா நிறுத்தித்தான் வைக்கணும்."

சபை உருகிப் போயிற்று. "என்ன தாராளம்!" என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கையில் தச்சுப்பை இருந்தது, பைக்குள் சுத்தியல் இருந்தது. அதை எடுக்காமல் நின்றேன், நானும் கோழைதான், ஒத்துக்கொள்கிறேன்.

இரவெல்லாம் ஓபின் அப்படியே இருந்தான். மறுநாள் உச்சிவேளைக்குச் சற்று முன்னால் மெர்தாவைக் கொண்டுவந்தார்கள். முகம் வெளிறி, இடுப்பில் கை ஊன்றி, அடிமேல் அடி வைத்து வந்தாள். சிறையில் ஒன்பது நாளும் அவளை நிற்கவே வைத்திருந்தார்கள்.

"எங்கய்யா என் புருஷன்?"

"இங்கதான்டி இருக்கேன்" என்றது அரியணை.

அவள் குனிந்து பார்த்தாள். "அங்க என்ன பண்ற?"

"ராசாவத் தாங்கறேன்."

"ஆமா, தொழுவத்துக் கூரைய எரிச்சவனத் தாங்கு. உனக்கு வேற வேலை?" என்றாள்.

எங்கள் நாட்டு நீதிமுறையில் ஒரு வழக்கம் உண்டு. குற்றத்தைச் செய்த விதமாகவே சபையில் செய்து காட்டினால்தான் தண்டனை. திருடியவன் மறுபடி திருடிக் காட்ட வேண்டும். காட்டுகிற சாக்கில் ஓடிப்போனவர்களும் உண்டு, ஆனாலும் வழக்கத்தை யாரும் மாற்றவில்லை. பெட்டியைத் திறந்து முக்காலியைச் சபை நடுவில் வைத்தார்கள். மாட்டுக்குப் பதிலாகத் துளைத் துறைத் தலைவர் முழங்கால் மடங்காமலே நான்கு காலில் நிறுத்தப்பட்டார். கறக்கிற பாவனையாவது வேண்டும் அல்லவா.

"இப்ப உக்காரும்மா" என்றார் ஹல்டிமர். "அன்னிக்கு உக்காந்த மாதிரியே. ரொம்ப நேரம் வேண்டாம். மணி அடிச்சதும் கல்லாயிடுவ."

மெர்தா உட்கார்ந்தாள். "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், பதினோரு வருடத்தில் அந்தச் சபையில் கேட்ட ஒரே உண்மையான சத்தம் அதுதான். சுற்றி நின்ற அமைச்சர்கள் பொறாமையில் எச்சில் விழுங்கினார்கள். மந்திரவாதி கோலை உயர்த்தி, மணிக்காகக் காத்திருந்தான். மேலே கோபுரத்தில் மணிக்கயிறு இழுபடும் சத்தம் கேட்டது.

"ஓபின்!" என்று மெர்தா கத்தினாள். "எனக்கு வலி எடுத்துடுச்சு!"

ஓபின் யோசிக்கவில்லை. புரட்சி, சபதம், வீரம் என்று எதுவும் அவன் மனதில் இல்லை. பிறகு நான் கேட்டபோதுகூட, "அவ கூப்பிட்டா அண்ணே" என்றுதான் சொன்னான். பெண்டாட்டி கூப்பிட்டாள், ஓடினான். தோளில் ஒரு அரசர் இருக்கிறார் என்பதை மறந்துபோனான்.

கால் முறிந்தது. அறிவிப்பாளர் அவசரமாக "இருபது!" என்றார். அந்தக் காலுக்கு அது கேட்கவில்லை. ட்ரோஸ்கெல் தட்டோடும் மீனோடும் முன்பக்கமாகச் சாய்ந்து, கல்தரையில் குப்புற விழுந்தான். எழுந்திருக்கப் பார்த்தான், குச்சிக்கால் கேட்கவில்லை. புரண்டு உட்காரப் பார்த்தான், வயிறு விடவில்லை. "தூக்குங்கடா! உக்கார வைங்கடா!" என்று தரையைப் பார்த்துக் கத்தினான். குனிந்து தூக்க முழங்கால் மடங்குகிறவர் எங்களைத் தவிர ஒருவரும் அந்தச் சபையில் இல்லை.

மணி அடித்தது.

அத்தனை பேரும் நின்றார்கள். ஒருவன் குப்புறக் கிடந்தான். ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

சட்டப் புத்தகத்தின் முதல் வரி அங்கே எல்லாருக்கும் மனப்பாடம். மந்திரவாதி கோலை மெல்லத் தாழ்த்தி, அதைக்கொண்டு முதுகைச் சொறிந்துகொண்டான். முதலில் வாய் திறந்தவர் ஹல்டிமர். மணியின் கார்வை அடங்குவதற்குள் பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"மகாராணி! பதினோரு வருஷமா நாங்க இந்த நாளுக்காகத்தான் நின்னுக்கிட்டிருந்தோம்! முக்காலிதான் உண்மையான அரியணை. நாலாவது கால் என்பது ஆடம்பரம் என்று நான் அன்றே எழுதிவைத்தேன், வெளியிடவில்லை. கீழே கிடக்கும் இவன் யார்? உட்காரத் தெரியாதவன்!"

"மகாராணி வாழ்க!" என்றது சபை. ஒன்பதாம் படியோ பத்தாம் படியோ, அந்த வாள்காரனும் கூட்டத்தில் நின்று அடித்தொண்டையில் கத்தினான்.

மெர்தா ஓபினின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். வலி ஒரு சுற்று போனதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"யோவ் மந்திரவாதி. தோட்டத்துல நிக்கறவங்களையெல்லாம் மனுஷங்களாக்கு."

"அதுக்கு எலும்ப உருட்டணும் மகாராணி, பதினெட்டுக்கு மேல விழணும்..."

"விழற வரைக்கும் உருட்டு. உள்ளதச் சொல்லு. பொய் சொன்ன, அந்த மீன் தட்ட உன் தலையில கவுத்துடுவேன்."

மாலைக்குள் எல்லாரும் மனிதர்களானார்கள். ஆன மாத்திரத்தில் அத்தனை பேரும் புல்லில் தொப்பென்று உட்கார்ந்தார்கள். பழைய அரசர் ஹாவ்ரிம் மட்டும் உட்காரவில்லை, இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு புதருக்குப் பின்னால் ஓடினார். பதவி வேண்டுமா என்று நான் போய்க் கேட்டேன். "உக்காந்தா எந்திரிக்க விடமாட்டானுங்கப்பா, எனக்கு வேண்டாம்" என்றார்.

மெர்தாவுக்கும் வேண்டாம். சபைக்கு அவள் போட்ட இரண்டாவது ஆணை, "எல்லாரும் உக்காந்து தொலைங்க" என்பது. ஒருவராலும் முடியவில்லை. முழங்கால் துருப்பிடித்துப்போயிருந்தது. நின்றபடியே விசும்பினார்கள். அவள் பார்த்தாள், எழுந்தாள், முக்காலியை எடுத்து ஓபினின் கையில் கொடுத்தாள். நான் வண்டி பிடித்து வந்தேன். பாதி வழியில் பெண் குழந்தை பிறந்தது. ட்ரோஸ்கெல்லை எல்லாரும் மறந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பெருக்க வந்தவள்தான் தரையில் ஏதோ கிடக்கிறது என்று சொன்னாளாம்.

முக்காலி எங்கே போகிறதோ அங்கேதான் சபை என்று ஹல்டிமர் விளக்கம் எழுதிவிட்டார். அதனால் அமைச்சர்கள் எல்லாரும் காலை வீசி வீசி எங்கள் ஊருக்கே வந்து சேர்ந்தார்கள். இப்போது என் கடையில் பத்து பெஞ்சு, எல்லாம் ஓபின் செய்தது, எல்லாம் நிறைந்திருக்கின்றன. அமைச்சர்கள் ஓபின் வீட்டுத் தொழுவத்தைச் சுற்றி வரிசையாக நிற்கிறார்கள். போகச் சொன்னால் போவதில்லை. மெர்தா விடியற்காலையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பால் கறக்கும்போது, "மகாராணி வாழ்க" என்று மெதுவாகச் சொல்கிறார்கள். சத்தம் போட்டால் குழந்தை எழுந்துவிடும் என்று திட்டியிருக்கிறாள். தீயில் எரிந்த தொழுவத்துக்கு இன்னும் தூண் நடவில்லை. நல்லவேளையாக ஹல்டிமர் ஆடாமல் அசையாமல் நிற்கப் பழகியவர். மாட்டை அவர் காலில்தான் கட்டுகிறார்கள்.